வரலாறு இழந்த வடிவங்கள்

ஓர் இரும்புத் தகடு. நீளம் 100 மில்லிமீட்டர், அகலம் 60, கனம் 10. அதன் நட்ட நடுவே 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு துளை. கவராயமும் அளவுகோலும் பிடிக்கத் தெரிந்த எந்த மாணவரும் இதை ஐந்து நிமிடத்தில் வரைந்துவிடுவார். இடப்பக்க விளிம்பிலிருந்து துளையின் மையம் எவ்வளவு தொலைவு என்று கேட்டால், 50 மில்லிமீட்டர் என்று உடனே விடை வரும்.

கேள்வியைச் சற்று மாற்றிப் பார்ப்போம். தகட்டின் நீளத்தை 120 மில்லிமீட்டராக்க வேண்டும். இப்போது துளை எங்கே இருக்க வேண்டும்?

வரைபடத்தை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இதற்கு விடை கிடைக்காது. துளை எப்போதும் நடுவில் இருக்க வேண்டும் என்று கருதி 50-இல் வைத்திருந்தால், இப்போது அது 60-க்கு நகர வேண்டும். பக்கத்துப் பாகத்தின் தண்டு ஒன்று அந்த இடத்தில்தான் வந்து நுழைகிறது என்பதற்காக 50-இல் வைத்திருந்தால், தகடு எவ்வளவு நீண்டாலும் துளை அசையக் கூடாது. வடிவத்தில் 50 என்ற எண் இருக்கிறது. அது ஏன் 50 என்பது வரைந்தவரின் மனத்தில் இருக்கிறது.

அந்த 'ஏன்' என்பதையும் வடிவத்தோடு சேர்த்துக் கணிப்பொறிக்குள் பதிவு செய்யலாம் என்பது கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் நடைமுறைக்கு வந்த ஒரு பெரிய முன்னேற்றம். விந்தை என்னவென்றால், அப்படிப் பாடுபட்டுப் பதிவு செய்ததை வேண்டுமென்றே அழித்துவிட்டு, வெறும் வடிவத்தை மட்டும் வைத்துக்கொள்ளும் வேலையும் இன்று உலகெங்கும் தொழிற்கூடங்களில் அன்றாடம் நடக்கிறது. ஏன் அழிக்கிறார்கள், அழிக்கும்போது எது போகிறது, எது நிற்கிறது என்பதைப் புரிந்துகொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

கோடுகள் மட்டும் இருந்த காலம்

பொறியியல் வரைபடத்துக்கு ஒழுங்கான கணித அடிப்படை தந்தவர் பிரெஞ்சு நாட்டுக் கணித மேதை கஸ்பார் மோஞ்ச். 1760-களில் மெஸியேர் என்ற ஊரின் இராணுவப் பொறியியல் பள்ளியில் அவர் பணியாற்றிவந்தார். எதிரியின் குண்டு உள்ளே விழாதபடி கோட்டை மதில்களை எந்த உயரத்தில் எழுப்புவது என்பதை அந்நாளில் நீண்ட எண்கணக்குகளால் கண்டறிவது வழக்கம். மோஞ்ச் அதைத் தாளில் சில கோடுகளால் முடித்துவிட்டார். மேலிருந்து பார்க்கும் தோற்றம், முன்னிருந்து பார்க்கும் தோற்றம் இரண்டையும் ஒன்றோடொன்று பொருத்தி, முப்பரிமாணப் பொருளைத் தட்டையான தாளில் அடக்கும் முறை அது. இவ்வளவு விரைவில் விடை வந்திருக்க முடியாது என்று மேலதிகாரி அதைச் சரிபார்க்கவே மறுத்தாராம். சரிபார்த்த பிறகு அது இராணுவ இரகசியமாயிற்று. 1795-இல்தான் மோஞ்ச் இதைப் பாரிஸில் பொதுவில் கற்பிக்க முடிந்தது. இன்று நம் பாலிடெக்னிக் மாணவர்கள் முகப்புத் தோற்றம், மேல்தோற்றம் என்று வரைவதெல்லாம் இவர் வகுத்த வழியே.

இத்தகைய வரைபடம் முடிவை மட்டும் காட்டும். வாசலில் போட்டு முடித்த சிக்குக் கோலத்தைப் பார்த்து, இழையை எந்தப் புள்ளியருகே தொடங்கினார்கள் என்று யாரால் சொல்ல முடியும்? வரைந்த வரிசை வரைந்தவரோடு போய்விடுகிறது. ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகள் பொறியியல் உலகம் இதைக் குறையாகவே கருதவில்லை. வரைந்தவர் அடுத்த அறையில் இருந்தார், கேட்டால் சொல்வார்.

கணிப்பொறி இந்த நிலையை மாற்றியது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லாண்ட் என்ற இளைஞர் 1963-இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வுதான் முதல் அடி. லிங்கன் ஆய்வுக்கூடத்தில் இருந்த டி.எக்ஸ்.-2 என்ற பெருங்கணிப்பொறியின் திரையில் ஒளிப்பேனாவால் படம் வரையும் நிரல் ஒன்றை அவர் உருவாக்கினார். அதன் பெயர் ஸ்கெட்ச்பேட். திரையில் படம் வரைந்தது மட்டும் அதன் சிறப்பன்று. கோணலாக இரண்டு கோடுகளை இழுத்துவிட்டு, "இவை இணைகோடுகள்" என்று கட்டளையிட்டால், கணிப்பொறியே அவற்றை நிமிர்த்தி இணையாக்கும். பின்னர் ஒரு கோட்டைச் சாய்த்தால் மற்றதும் சாயும். கோட்டோடு கூடவே கோடுகளுக்கிடையே உள்ள உறவும் பதிவாகியிருந்தது. நம் தகட்டின் 'நடுவில்' என்ற சொல்லைக் கணிப்பொறி நினைவில் வைத்துக்கொள்ளும் வழி அன்றே திறந்துவிட்டது எனலாம்.

ஆனால் அந்த வழியில் தொழில்துறை நடக்க இன்னும் கால் நூற்றாண்டு ஆயிற்று. இடைக்காலத்தில் வந்த பெரும்பாலான கருவிகள் வரைபலகையைத் திரைக்கு மாற்றியதோடு நின்றன. 1982-இல் வெளிவந்து உலகெங்கும் பரவிய ஆட்டோகாட் தொடக்கத்தில் அத்தகையதே. கோடு கோடாகவே இருந்தது.

முடிவும் செய்முறையும்

கோடுகளிலிருந்து திண்மங்களுக்கு வருவோம். திண்மம் என்றால், உள் எது, வெளி எது என்று கணிப்பொறிக்கு ஐயமின்றித் தெரிந்த வடிவம். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் லாங் தலைமையில் இயங்கிய குழுவில் இயன் பிரெய்டு என்ற ஆராய்ச்சி மாணவர் இதில் ஈடுபட்டார். பெட்டி, ஆப்பு, உருளை போன்ற எளிய திண்மங்களை ஒன்றோடொன்று சேர்த்தும், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தும் இயந்திர பாகங்களை உருவாக்கும் அவருடைய முறைக்குப் 'பில்டு' என்று பெயர். 1973-இல் புடாபெஸ்ட் நகரில் நடந்த மாநாட்டில் அது அறிமுகமாயிற்று. அதே மாநாட்டில் ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தினரும் தாங்கள் தனியே உருவாக்கிய திண்ம முறை ஒன்றை அளித்தார்கள். ஒரே காலத்தில் இரு மூலைகளில் ஒரே எண்ணம் முளைப்பது அறிவியலில் புதிதல்ல.

பிரெய்டின் முறை திண்மத்தை அதன் எல்லைகளால் நினைவில் வைக்கிறது. எத்தனை முகங்கள், ஒவ்வொரு முகமும் எந்தச் சமன்பாட்டுக்குரிய பரப்பு, எந்த முகங்கள் எந்த விளிம்பில் சந்திக்கின்றன, விளிம்புகள் எந்த முனைகளில் முடிகின்றன என்பதே பதிவு. இப்பதிவில் கிழிசல் இல்லாமல் பார்த்துக்கொள்ள உதவுவது 18-ஆம் நூற்றாண்டில் ஆய்லர் கண்ட எளிய சூத்திரம்: முனைகள் − விளிம்புகள் + முகங்கள் = 2. கனசதுரத்துக்கு 8 − 12 + 6 = 2. சரி. அதன் மேல்முகத்தில் சதுரமான ஒரு குழி தோண்டுங்கள். இப்போது முனைகள் 16, விளிம்புகள் 24, முகங்கள் 11. கணக்குப் பார்த்தால் 3 வருகிறது! மேல்முகத்துக்குள் குழியின் வாய் ஒரு தனி வளையமாக நிற்பதே காரணம். அத்தகைய உள்வளையங்களின் எண்ணிக்கையைக் கழித்தால் மீண்டும் 2. ஊடுருவிச் செல்லும் துளைகளுக்கும் இதுபோன்ற ஒரு திருத்தம் உண்டு. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் கணக்கு நேராகிறதா என்று கணிப்பொறி பார்த்துக்கொள்ளலாம். இது மட்டும் போதாது. ஆனால் இது தவறினால் திண்மம் எங்கோ பிளந்திருக்கிறது என்பது உறுதி.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஹெர்பர்ட் வோல்க்கர், அரிஸ்டைட்ஸ் ரெக்கிச்சா ஆகியோர் வேறு பாதையில் சென்றனர். அவர்களுடைய முறையில் பதிவாவது செய்முறை. "இந்தப் பெட்டியை எடு, இந்த உருளையை அதிலிருந்து கழி, அந்த ஆப்பைச் சேர்" என்ற வரிசை ஒரு மரம் போலக் கிளைவிட்டு நினைவில் நிற்கும். கேட்கும்போது வடிவத்தைக் கணக்கிட்டுக் காட்டும். கேம்பிரிட்ஜ் முறை சமைத்த பண்டத்தைத் தட்டில் வைத்திருக்கிறது என்றால், ராச்செஸ்டர் முறை சமையல் குறிப்பை வைத்திருக்கிறது. எது சிறந்தது என்ற வாதம் பத்தாண்டுகளுக்கு மேல் நடந்தது. நான் அறிந்தவரை இரு தரப்பும் முழுதாக வெல்லவில்லை. எதிர்காலம் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டது.

கேம்பிரிட்ஜ் குழுவினர் 1974-இல் ஷேப் டேட்டா என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். அங்கிருந்து 1978-இல் ரோமுலஸ், பத்தாண்டுகள் கழித்துப் பாராசாலிட் ஆகிய மென்பொருள்கள் பிறந்தன. பின்னர் ஆலன் கிரேயர், சார்லஸ் லாங், இயன் பிரெய்டு மூவரும் சேர்ந்து உருவாக்கிய மற்றொன்று ஏசிஸ், 1989-இல் வெளிவந்தது. அதன் பெயரின் தொடக்கத்தில் மூவரின் பெயர்களும் ஒளிந்திருக்கின்றன. பாராசாலிடும் ஏசிஸும் தாமே கடைக்கு வரும் பொருள்களல்ல. மற்ற வடிவமைப்பு மென்பொருள்களின் வயிற்றுக்குள் இருந்து திண்மங்களைக் கணக்கிட்டுத் தருபவை.

லெனின்கிராட் பேராசிரியர்

சாமுவேல் கைஸ்பர்க் லெனின்கிராடில் கணிதப் பேராசிரியராக இருந்தவர். 1974-இல் சோவியத் நாட்டைவிட்டு அமெரிக்காவில் குடியேறினார். அந்நாளைய வடிவமைப்பு மென்பொருள் நிறுவனங்களில் சில ஆண்டுகள் வேலை செய்தார். ஒரு பாகத்தில் ஓர் அளவை மாற்ற வேண்டுமென்றால், பொறியாளர் ஏறக்குறைய எல்லாவற்றையும் திரும்ப வரைய வேண்டியிருந்ததை அங்கே கண்டார். 1985-இல் பாராமெட்ரிக் டெக்னாலஜி என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 1980-களின் இறுதியில் அதன் புரோ-எஞ்சினியர் என்ற மென்பொருள் விற்பனைக்கு வந்தது.

அதில் நம் தகடு எப்படி உருவாகும் என்று பார்ப்போம். முதற்படி: ஒரு செவ்வகம், நீளம் 100, அகலம் 60. இரண்டாம் படி: அதை 10 மில்லிமீட்டர் உயர்த்து. மூன்றாம் படி: மேல்முகத்தில் ஒரு துளை, அதன் இடம் நீளத்தில் பாதி, அகலத்தில் பாதி. நான்காம் படி: நான்கு நிமிர்ந்த விளிம்புகளையும் 5 மில்லிமீட்டர் ஆரத்தில் உருட்டு. ஒவ்வொரு படியும் ஒரு 'வடிவக் கூறு'. படிகளின் வரிசை முழுவதும் திரையின் ஓரத்தில் பட்டியலாக நிற்கும். இதையே பொருளின் ஆக்க வரலாறு என்கிறோம். முதற்படிக்குத் திரும்பிச் சென்று 100-ஐ 120 என்று மாற்றுங்கள். கணிப்பொறி அந்தப் படியிலிருந்து எல்லாவற்றையும் மீண்டும் செய்து பார்க்கிறது. துளை தானாக 60-க்கு நகர்கிறது. உருட்டிய விளிம்புகள் புதிய மூலைகளுக்குப் போய் உட்காருகின்றன. "நீளத்தில் பாதி" என்று சொல்லியிருந்தோம் அல்லவா, அது மறக்கப்படவில்லை!

சமையல் குறிப்பும் சமைத்த பண்டமும் இங்கே ஒரே கோப்பில் சேர்ந்தன. குறிப்பைத் திருத்தினால் பண்டம் மாறியது. போட்டி நிறுவனங்கள் சில ஆண்டுகளுக்குள் இதே பாதைக்கு வந்தன. 1995-இல் வெளிவந்த சாலிட்வொர்க்ஸ் இதைச் சாதாரண விண்டோஸ் கணிப்பொறிக்குக் கொண்டுவந்தது. அதன் பின் சிறு பட்டறைகளும் இதைக் கையாளத் தொடங்கின.

வரலாறு சுமையாகும்போது

நான்கு படிகள் கொண்ட தகட்டுக்கு இது அழகாக வேலை செய்கிறது. ஓர் எஞ்சின் உறைக்குப் பல நூறு படிகள் இருக்கும். அவற்றில் ஒவ்வொன்றும் தனக்கு முந்தைய ஏதோ ஒரு முகத்தையோ விளிம்பையோ பற்றிக்கொண்டு நிற்கிறது.

இங்கேதான் ஒரு நுட்பமான சிக்கல் எழுகிறது. "அந்த விளிம்பை உருட்டு" என்று நாம் திரையில் தொட்டுக் காட்டுகிறோம். கணிப்பொறி அதை எப்படி நினைவில் வைக்கும்? 'ஏழாவது விளிம்பு' என்று எண் போட்டு வைக்கிறது என்று கொள்வோம். பிறகு முந்தைய படி ஒன்றில் நாம் ஒரு பள்ளம் வெட்டுகிறோம். பழைய விளிம்பு இரண்டாக உடைந்து புதிய விளிம்புகள் தோன்றுகின்றன. எண்களின் வரிசை கலைகிறது. இப்போது ஏழாவது விளிம்பு எது? தவறான விளிம்பு உருண்டுவிடலாம். அல்லது படியே செயலிழந்து சிவப்புக் குறியோடு நிற்கலாம். ஒன்று நின்றால் அதைப் பற்றிய அடுத்த பத்தும் விழும். முகங்களுக்கும் விளிம்புகளுக்கும் நிலைத்த பெயர் சூட்டுவது எப்படி என்பது 1990-களில் தனி ஆராய்ச்சித் துறையாகவே வளர்ந்தது. முழுமையான தீர்வு இன்றும் இல்லை. எவரும் விலையின்றிப் பயன்படுத்தக்கூடிய ஃப்ரீகாட் என்ற மென்பொருள், இச்சிக்கலைப் பெருமளவு தணித்த பிறகே 2024 நவம்பரில் தன் 1.0 பதிப்பை வெளியிட்டது. அந்தத் திட்டம் தொடங்கி அப்போது இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது.

இன்னொரு தொல்லை மனிதர் சார்ந்தது. ஒருவர் கட்டிய வரலாற்றுக்குள் மற்றவர் நுழைவது எளிதல்ல. இவர் சமச்சீராகப் பாதியை வரைந்து கண்ணாடி பிம்பம்போல் மறுபாதியைப் பெற்றிருப்பார். அவர் பெரிய கட்டியை எடுத்துக் குடைந்திருப்பார். ஒரே வடிவத்துக்கு எத்தனையோ வழிகள். முன்னவர் வேலையை விட்டுப் போன பின், அவருடைய கோப்பில் ஓர் அளவை மாற்றப் போய், திரை முழுதும் சிவப்பாவதைக் கண்டு, "இதைத் திரும்ப வரைவதே மேல்" என்று நொந்துகொள்ளாத வடிவமைப்பாளர் அரிது.

நீக்கும் வேலை

ஆக்க வரலாற்றை நீக்குவது செயலளவில் மிக எளிது. பல மென்பொருள்களில் அதற்கென்றே கட்டளை இருக்கிறது. என்.எக்ஸ். என்பதில் 'ரிமூவ் பாராமீட்டர்ஸ்' என்று அதற்குப் பெயர். கட்டளையிட்டதும் பட்டியலில் இருந்த நூற்றுக்கணக்கான வரிகள் மறைந்து, திண்மம் என்ற ஒரே வரி மிஞ்சும். திரையில் உள்ள உருவமோ இம்மியும் மாறாது. முகங்கள், விளிம்புகள், முனைகள் ஆகிய கேம்பிரிட்ஜ் பதிவு அப்படியே நிற்கிறது. ராச்செஸ்டர் பதிவு போய்விடுகிறது. வேறு மென்பொருளுக்கு மாற்றும்போதும் பெரும்பாலும் இதுவே நடக்கிறது. 1980-இல் வெளியான ஐஜஸ், 1994-இல் பன்னாட்டுத் தர நிறுவனம் வெளியிட்ட ஸ்டெப் ஆகிய பொது வடிவங்களில் வழக்கமாகப் பயணம் செய்வது வடிவம் மட்டுமே. வரலாறு எல்லையிலேயே நின்றுவிடுகிறது. இப்படி மிஞ்சும் திண்மத்தைத் தொழிற்கூடங்களில் 'டம்ப் சாலிட்' என்கிறார்கள். ஊமைத் திண்மம் என்று நாம் சொல்லலாம்.

முடிந்த வேலையை யாரும் கை தவறி மாற்றிவிடக் கூடாது என்பதற்காகச் சிலர் நீக்குகிறார்கள். ஆயிரக்கணக்கான பாகங்கள் சேர்ந்த பெரிய இயந்திரத்தைத் திரையில் கொண்டுவரும்போது கணிப்பொறியின் சுமை குறையட்டும் என்பதற்காகவும் நீக்குவதுண்டு. இவற்றையெல்லாம்விட முக்கியமானது இரகசியம். ஒரு நிறுவனம் தன் பம்பு உறையை வார்த்துத் தரும் பட்டறைக்கு மாதிரியை அனுப்புகிறது. பட்டறைக்கு வேண்டியது வடிவம். அந்த உறையின் சுவர்க் கனம் எந்தச் சூத்திரத்தால் அழுத்தத்தோடு பிணைக்கப்பட்டிருக்கிறது, எந்த அளவைத் திருப்பினால் அடுத்த பெரிய பம்பு கிடைக்கும் என்பதெல்லாம் அந்நிறுவனம் பல ஆண்டுகள் பட்டுத் தெரிந்துகொண்டது. வரலாற்றோடு கோப்பை அனுப்பினால் பம்பை மட்டுமல்ல, பம்பு செய்யும் அறிவையும் சேர்த்தே கொடுத்தாகிவிடும்.

இது நியாயமான அச்சம்தான். ஆயினும் ஒளித்துவைப்பதற்கு ஒரு விலையும் உண்டு. சிட்ரோயன் கார் நிறுவனத்தில் பால் தெ காஸ்தெல்ஜோ என்ற கணித அறிஞர் காரின் உடல் வளைவுகளைக் கணிக்கும் முறையை 1959-இலேயே கண்டுவிட்டார். நிறுவனம் அதை இரகசியமாக வைத்தது. ரெனோ நிறுவனத்தின் பியர் பெஸியே சில ஆண்டுகள் கழித்துத் தனியே அதே வளைவுகளை அடைந்து, கட்டுரைகளாக வெளியிட்டார். இன்று உலகம் அவற்றைப் பெஸியே வளைவுகள் என்றே அழைக்கிறது. முதலில் கண்டவரின் பெயர் அவ்வளைவுகளைக் கணக்கிடும் ஒரு வழிமுறையில் மட்டும் தங்கியிருக்கிறது.

பதிவே செய்யாதவர்கள்

வரலாற்றைப் பிறகு அழிப்பானேன், முதலிலேயே எழுதாமல் விட்டால் என்ன என்று கேட்டவர்களும் உண்டு. ஹ்யூலெட் பாக்கர்டு நிறுவனத்தின் ஜெர்மன் கிளை 1992-இல் சாலிட் டிசைனர் என்ற மென்பொருளைக் கொண்டுவந்தது. ஏசிஸை அடிப்படையாகக் கொண்ட அதில் படிவரிசை கிடையாது. முகத்தைப் பிடித்து இழுத்தால் திண்மம் நீளும். துளையைப் பிடித்து நகர்த்தினால் நகரும். களிமண்ணைக் கையால் பிசைவதுபோல. நேரடி முறை என்று இதற்குப் பெயர். அந்தப் பிரிவு பின்னர் கோகிரியேட் என்ற தனி நிறுவனமாயிற்று.

2005-இல் ஸ்பேஸ்கிளெய்ம் என்ற மற்றொரு நிறுவனம் இதே கொள்கையோடு எழுந்தது. அதைத் தொடங்கியவர்களுள் ஒருவரான மைக் பெய்ன் யார் தெரியுமா? கைஸ்பர்கின் நிறுவனத்தையும் சாலிட்வொர்க்ஸையும் நிறுவியவர்களுள் ஒருவர். வரலாற்று முறையை உலகுக்கு விற்றவரே வரலாறில்லாத முறையை விற்க வந்தார். அதோடு நிற்கவில்லை. 2007-இல் கைஸ்பர்கின் பழைய நிறுவனம் கோகிரியேட்டை விலைக்கு வாங்கியது. 2008-இல் சீமென்ஸ், இரு முறைகளையும் கலந்த ஒன்றை அறிவித்தது: முகத்தை இழுத்தால், "இந்தத் துளை அந்தத் துளையோடு ஒரே மையம் கொண்டது, இந்த முகம் அதற்கு இணை" என்று வடிவத்தைப் பார்த்தே ஊகித்துக்கொண்டு கணிப்பொறி செயல்படும்.

ஊகம் என்ற சொல்லைக் கவனியுங்கள். நம் தகட்டின் வலது முகத்தை 20 மில்லிமீட்டர் இழுக்கிறோம். துளை நடுவில் இருப்பது தற்செயலா, கருத்தோடு வைத்ததா? இரண்டுக்கும் வடிவம் ஒன்றே. கணிப்பொறி கேட்கலாம், அல்லது தானே ஒரு முடிவுக்கு வரலாம். அறிந்திருக்க வழியில்லை.

அழிந்த வரலாற்றை மீட்டெடுக்கும் முயற்சிக்கும் இதே எல்லைதான். 1980-இல் கேம்பிரிட்ஜில் லைகோர்கஸ் கிப்ரியானு என்பவரின் முனைவர் பட்ட ஆய்வு இதற்கு அடித்தளமிட்டது. விளிம்புகள் உள்வாங்கியவையா, வெளிப்புடைத்தவையா என்று வகைப்படுத்தி, "இது துளை, இது பள்ளம், இது மேடு" என்று வெறும் எல்லைப் பதிவிலிருந்தே கணிப்பொறி அடையாளம் காண வழி வகுத்தது. கடைசல், துருவல் இயந்திரங்களுக்கு வெட்டும் வரிசையைத் தீர்மானிக்க இவ்வகை முறைகள் பெரிதும் பயன்படுகின்றன. ஆனால் கிடைப்பது சாத்தியமான ஒரு வரலாறு. நடந்த வரலாறு அல்ல. துளையை அடையாளம் கண்டு, அதன் மையம் 50-இல் என்று எழுதும். "நீளத்தில் பாதி" என்று எழுத அதற்குச் சான்று இல்லை.

ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்

இதுவரை படித்தவர்கள், வரலாற்றோடு கூடிய கோப்பே மேலானது, நீக்கியது குறையுள்ளது என்ற முடிவுக்கு வந்திருக்கக்கூடும். நெடுங்காலப் பாதுகாப்பு என்ற கேள்வி வந்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது.

அமெரிக்க விமானப் படையின் பி-52 குண்டுவீச்சு விமானங்களில் கடைசியாகச் செய்தது 1962-இல் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. அவற்றுள் பல இன்னும் பறக்கின்றன. அவற்றின் பாகங்கள் தாளிலும் படலத்திலும் வரையப்பட்டவை. அந்த வரைபடத்தைப் படிக்கக் கண் போதும். இன்று திரையில் வடிவமைக்கப்படும் விமானமும் இதே அளவு காலம் பறக்கக்கூடும். அதன் பாகங்களின் வடிவம் அதுவரை தவறின்றிப் படிக்கக் கிடைக்க வேண்டும். ஆக்க வரலாற்றோடு கூடிய கோப்பை எழுதியது ஒரு குறிப்பிட்ட மென்பொருளின் குறிப்பிட்ட பதிப்பு. ஒவ்வொரு படியையும் மீண்டும் செய்து பார்த்தால்தான் வடிவம் கிடைக்கும்; செய்து பார்க்க அந்த மென்பொருளே வேண்டும். 'விளிம்பை உருட்டு' என்ற ஒரே கட்டளையைக்கூட, மூன்று விளிம்புகள் சந்திக்கும் மூலையில் ஒவ்வொரு மென்பொருளும் சற்று வேறு விதமாக முடிக்கிறது. ஐம்பது ஆண்டுகளில் அந்த நிறுவனமே இல்லாது போகலாம். மாற்றத்துக்கு வளைந்துகொடுக்கும் கோப்புக்குத்தான் ஆயுள் குறைவு.

ஆகவே அமெரிக்க, ஐரோப்பிய விமானத் தொழில்துறையினர் சேர்ந்து நெடுங்காலப் பாதுகாப்புக்கென வகுத்த லோட்டார் என்ற தரவரிசையில், பாகங்கள் முதன்மையாக ஸ்டெப் வடிவிலான ஊமைத் திண்மங்களாகவே காப்பகத்துக்குச் செல்கின்றன. அவற்றோடு ஓர் எளிய காவலும் உண்டு. உள்ளே வைக்கும்போது திண்மத்தின் கனஅளவு, பரப்பளவு, பொருண்மை மையம் ஆகியவற்றைக் கணக்கிட்டுக் கூடவே எழுதிவைக்கிறார்கள். பல ஆண்டுகள் கழித்துத் திறப்பவர் புதிதாகக் கணக்கிட்டு ஒப்பிடுவார். எண்கள் பொருந்தினால் வடிவம் சிதையவில்லை என்று நம்பலாம். விளிம்பு உருட்டாத நம் தகட்டின் கனஅளவு 56,858.4 கன மில்லிமீட்டர். மையம் இடது விளிம்பிலிருந்து 50 மில்லிமீட்டர். 2075-இல் திறந்து பார்த்தாலும் இவை இப்படியே வரும்.

வரலாற்றையும் பொதுவடிவில் எழுத வழி செய்யவேண்டும் என்ற முயற்சி நின்றுவிடவில்லை. ஸ்டெப் தரத்தின் 55-ஆம் பகுதி, படிவரிசையால் ஆன வடிவங்களைப் பதிவு செய்யும் முறையை 2005-இல் வகுத்துத் தந்தது. அளவுகளையும் அவற்றின் பிணைப்புகளையும் எழுத 108-ஆம் பகுதி அதே ஆண்டில் வெளியாயிற்று. ஆனால் மென்பொருள் நிறுவனங்கள் இவற்றைக் கையிலெடுக்கவில்லை. தம் படிவரிசையைப் போட்டியாளர் தடையின்றிப் படிக்க வழி செய்வதில் அவர்களுக்கு என்ன ஆதாயம்? எனவே காப்பகத்துக்கு ஒரு கோப்பு, அன்றாட வேலைக்கு இன்னொரு கோப்பு என்று இரண்டை வைத்துக்கொள்ளும் வழக்கம் தொடர்கிறது. கவனமுள்ள வடிவமைப்பாளர்கள் காப்பகத்துக்குச் செல்லும் மாதிரியில் ஓரிரு வரிக் குறிப்பையும் இணைத்துவிடுகிறார்கள்: "துளை தகட்டின் நடுவில். நீளம் மாறினால் இதுவும் மாற வேண்டும்."